ஏல இலக்கம் 41

முதலில் மூங்கில் ஆணி.
தீக்குச்சித் தலையைவிடச் சற்றே பெரியது.
அதைத் தட்டி எடுத்தால் போதும்,
முந்நூற்றைம்பது வருஷ வாள்
பிடியிலிருந்து கழன்று கைக்கு வந்துவிடும்.
செவ்வாய்க்கிழமை, கொள்ளுப்பிட்டியில்,
கடலோர ரயில் போய் ஜன்னல் அடங்கும்வரை காத்திருந்து
தட்டினேன்.

பிடியில் திருக்கைத் தோல்.
நம் மீன் சந்தையில் குடலோடு வாளிக்குள் போவது.
அங்கே மணி மணியாய்ப் பார்த்துத் தெரிந்து
பட்டு நாடாவுக்குள் ஒளித்திருக்கிறார்கள்.
நாடாவின் அடியில் இரண்டு பொன் தும்பிகள்.
ஒன்றுக்கு இறகு தேய்ந்துவிட்டது.
அந்தப் பக்கம் உள்ளங்கை.

கைகாப்பு, இரும்பு. அதில் ஒரு நண்டு.
ஊசிமுனைக் கண்கள்.
ஒரு கால் மட்டும் விளிம்பைத் தாண்டி
மறுபக்கம் இறங்குகிறது.
அதற்கென்று ஒரு முழுப் பந்தி எழுதினேன்.
வாங்க வருபவர்கள் நண்டை விரும்புவார்கள்.

அலகைச் சாய்த்துப் பிடித்தேன்.
களிமண் பூசிக் காய்ச்சித் தண்ணீரில் இறக்கிய அந்தக் கணம்
விளிம்போரம் வெண்புகையாய் உறைந்து கிடந்தது.
அதற்கு மேலே, மடித்து மடித்து அடித்த உருக்கு
பலாப்பலகை ரேகைபோல் ஓடியது.
மூச்சுப் படாதிருக்க
மடித்த கடதாசி ஒன்றைப் பல்லில் கவ்வியிருந்தேன்.
கராம்பு எண்ணெய் மணத்தது.
மாத்தளைக் கராம்போ, என்னவோ.

பிடிக்குள் மறைந்திருக்கும் தண்டை எவரும் துடைப்பதில்லை.
அந்தக் கறள்தான் வாளின் பிறப்புச் சான்றிதழ்.
கறளுக்கு நடுவே பொன்னால் பதித்த ஒரு வரி.
நாகோயாவுக்குப் படம் அனுப்பினேன்.
மாலைக்குள் பதில்:
இரண்டு உடல்கள். ஒரே வெட்டு.
நாள் இருந்தது.
வெட்டிச் சோதித்தவனின் பெயர் இருந்தது.
மறுபக்கம் கொல்லனின் பெயர்.
உடல்களுக்குப் பெயர் இல்லை.

ஸ்பெல்டெவிண்டைத் தொலைபேசியில் அழைத்தேன்.
இந்த வரியால் விலை இரட்டிப்பாகும் என்றேன்.
நெடுநேரம் சத்தமில்லை.
பிறகு,
"மிஸ், சின்ன வயதில் அது
என் கட்டிலுக்கு மேலே தொங்கியது."
மறுநாள் வந்து வாளை வாங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை திரும்பக் கொண்டுவந்தார்,
மழைக்கோட்டில் சுற்றி, ஓட்டோவில்.
ஒரு காலத்தில் இந்த நீளத்தில் ஒரு பொதியோடு
நான் காலி வீதியில் நூறு யார் நடந்திருக்க முடியாது.
அதை அவரிடம் சொல்லவில்லை.
ஆணியைத் தட்டினேன்.

தண்டின் ஒரு பக்கம் புதுக்கரண்டிபோல் பளிச்சிட்டது.

இரத்மலானை ரயில் பட்டறையில்
முப்பத்தொரு வருஷம் அரம் பிடித்த கை.
பழைய கொல்லன் எந்தச் சாய்வில் இழுத்தானோ
அதே சாய்வில், கோடு கோடாய், பிசகாமல்.
கோபப்படக்கூட முடியவில்லை, அவ்வளவு சுத்தம்.
சுரண்டிய பொன்னைக் கடித உறையில் போட்டு நீட்டினார்.
செட்டியார் தெருவில் நிறுத்துப் பார்த்தாராம்.
ஒரு மஞ்சாடிகூட இல்லை.

"விலை ஏறும் என்றுதானே சொன்னேன்."
"அதனால்தான்" என்றார்.

அவர் போனபின் விளக்கைச் சரித்துப் பார்த்தேன்.
நாள் போயிருந்தது. வெட்டியவன் போயிருந்தான்.
உளி ஆழ இறங்கிய ஓரிடத்தை மட்டும்
அரம் எட்டவில்லை.
இரண்டு என்பதற்கு அவர்கள் எழுத்தில்
இரண்டே கோடுகள்: மேலே குட்டை, கீழே நெட்டை.

கடற்காற்று; ஒரு மாதத்தில் கறள் பிடிக்கும்.
கொழும்புக் கறள், இளசு, செங்கல் நிறம்.
யாரையும் ஏமாற்றாது.

மதிப்பை வெட்டிப் பாதியாக்கினேன்.
நண்டை அப்படியே விட்டேன்.
கடைசி வரியாய்ச் சேர்த்தேன்:
தண்டில் கீறல்கள் இரண்டு. பெயர் இல்லாதவை.